பதினெட்டு அழுக்குக் கேசட்டுகள்

சண்முகவடிவுக்கு வீடியோ கேம் ஆடத் தெரியாது. கடைசிவரை தெரியவில்லை. ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தால் சுடுகிற பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி புடவைத் தலைப்பால் பிடிப்பாள். ஆனால் மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்து ஒன்றில், கேம் கேசட்டுகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். எந்த வீட்டுக்கு எந்த ஆட்டம் ஒத்துவரும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு அந்த ஆட்டத்தைச் செய்தவனுக்குத் தெரிந்திருக்காது.

அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் லஸ் பக்கம் ஒரு லெண்டிங் லைப்ரரியில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு புத்தகங்கள்தான் அங்கே சரக்கு. வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்ததும் மாமிகள் கதை படிப்பதை விட்டுவிட்டுக் கதை பார்க்க ஆரம்பித்தார்கள். முதலாளி கடையை மூடிவிட்டு பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

வடிவின் கணவன் முருகையன் டி.வி. மெக்கானிக். சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு மந்தைவெளி, ஆழ்வார்ப்பேட்டை என்று வீடு வீடாகப் போகிறவன். போகிற வீட்டிலெல்லாம் பிள்ளைகள் டி.வி.யில் கேம் மாட்டி ஆடுவதையும், நாலு நாளில் கேசட் அலுத்துப்போய் வேறு கேட்டு அழுவதையும் பார்த்தவன்.

"நீ புக்கு வாடகைக்கு வுட்டுக்கினு இருந்தல்ல, அதே மாரி கேசட்டு வுடு. படிக்கத் தெரியாதவன்கூட வருவான்," என்றான்.

நல்ல யோசனை. முருகையனுக்கு நல்ல யோசனைகள் வரும். கொஞ்சம் குறைவாக வந்தால் தேவலை என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தோன்றும் அளவுக்கு வரும்.

தொண்ணூற்று மூன்றில் இருபது கேசட்டோடு கடை திறந்தது. பலகையில் 'வடிவு வீடியோ கேம்ஸ்' என்று நீலப் பெயின்ட்டில் முருகையனே எழுதினான். எழுத்து போகப் போகச் சிறுத்து, 'கேம்ஸ்' ஓரத்தில் நசுங்கிக் கிடந்தது. வடிவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் பெயர் ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. முதல் ஒரு மாதம் கடையைத் திறப்பதற்கு முன்னால் சந்தின் எதிர்ப்பக்கம் போய் நின்று அந்தப் பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

லைப்ரரியிலிருந்து அவள் ஒரே ஒரு பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். தேதிச் சீட்டு. ஒவ்வொரு கேசட் டப்பாவின் உள்பக்கமும் கோடு போட்ட சீட்டு ஒன்றை ஒட்டி, யார் எடுத்தார்கள், எந்தத் தேதி என்று எழுதிவிடுவாள். சீட்டு நிறைந்தால் அதன் மேலேயே இன்னொரு சீட்டு. அப்படி ஒட்டி ஒட்டிச் சில டப்பாக்கள் மூடவே மூடாது, ரப்பர் பேண்டு போட வேண்டியிருக்கும். கேசட் மேலே இருக்கிற இங்கிலீஷ் பேரையும் அவள் மதிக்கவில்லை. மேலிருந்து விழுகிற துண்டுகளை அடுக்கும் ஆட்டம் 'செங்கல்'. இரண்டு பேர் சேர்ந்து கோட்டையைக் காப்பது 'டாங்கி'. ஏறி இறங்கிப் பொன் எடுப்பது 'ஏணி'. வாடிக்கைக்காரர்களும் அப்படியே கேட்கப் பழகிவிட்டார்கள்.

தொண்ணூற்றைந்து மார்ச்சில், கேசட் அறுபதைத் தொட்ட சமயத்தில், மாடியிலிருந்து வீட்டுக்காரர் பத்ரிநாராயணன் இறங்கி வந்தார். சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். கெட்ட மனுஷர் இல்லை. சாயங்காலமானால் பால்கனியில் நின்று கடை வாசலைப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"தோ பார், வடிவு. எனக்கு உன் மேல ஒரு கோபமும் கிடையாது. ஆனா வாசல்ல ஒரு கூட்டத்தைக் காணுமே! ஒருத்தன் வந்து எஸ்.டி.டி. பூத் போடறேன், ரூமைக் குடுங்கோங்கறான். பூத்துன்னா எப்பவும் பத்து பேர் நின்னுண்டே இருப்பா. ஸ்கூல் திறக்கறவரைக்கும் பார்க்கறேன். கடை நிக்கும்னு எனக்குத் தோணித்துன்னா இரு. இல்லேன்னா ஜூன்ல சாவியைக் குடுத்துடு."

வெளியூருக்கு போன் பேசுகிற எஸ்.டி.டி. பூத் அந்த வருஷம் சென்னையில் முளைக்காத தெரு கிடையாது. ஆகவே இது வெறும் மிரட்டல் இல்லை என்று வடிவுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் அன்றைக்கு அவள் சோறு சரியாகத் தின்னவில்லை. மறுபடியும் யாரோ ஒருத்தருடைய கவுண்டரில் போய் உட்கார வேண்டும், அங்கே பலகையில் யாரோ ஒருத்தர் பேர் இருக்கும்.

"கூட்டம்தானே அவருக்கு ஓணும்? கொண்ணாந்துருவோம்," என்றான் முருகையன்.

அவன் சொன்னதிலும் விஷயம் இருந்தது. கோடை விடுமுறைக்கு ஒரு புதுச் சண்டை ஆட்டம் வந்துகொண்டிருந்தது. எட்டு ஆட்கள், ஆளுக்கொரு அடி, ஆளுக்கொரு உதை. பெயர் தெரியாமலே பையன்கள் கடைக்கு வந்து அதைத்தான் கேட்டார்கள். ஒருநாளைக்கு இருபது பேர் "அந்த எட்டாள் சண்டை வந்துருச்சாக்கா?" என்று கேட்டால் யாருக்குத்தான் மூக்கில் வேர்க்காது?

வடிவு தங்கை வளைகாப்புக்குப் பெருங்குடி போயிருந்த நாளில் முருகையன் காரியத்தில் இறங்கினான். தியாகராய நகர் பாண்டி பஜாரில் ஒரு மாடிக்கடையில் ஜவஹர் என்பவன் கேசட் மொத்த வியாபாரம் செய்துவந்தான். அங்கே பழசைக் கொடுத்துப் புதுசை எடுக்கலாம்; இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எட்டாள் சண்டை பன்னிரண்டு வேண்டுமானால் பழசு பதினெட்டு கொடுக்க வேண்டும் என்றான் ஜவஹர்.

எந்தப் பதினெட்டைக் கொடுப்பது? முருகையன் அலமாரியைப் பார்த்தான். பாதி கேசட்டுகள் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தன. மற்றவை மூலை மழுங்கி, படம் தேய்ந்து, பிசுக்கேறி, ரப்பர் பேண்டு போட்டு, பார்க்கவே கண்றாவியாக இருந்தன. நல்ல புத்தி உள்ள எந்த மனுஷனும் செய்வதைத்தான் அவனும் செய்தான். நல்லதை வைத்துக்கொண்டு அழுக்கைக் கழித்தான். கேசட்டுகள் கொஞ்சமாவது புதுசாகத் தெரியட்டும் என்று தேதிச் சீட்டுகளை எல்லாம் ஈரம் தொட்டு உரித்து, தூக்கிப்போட மனசு வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்து, டப்பாக்களை ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் வடிவு அலமாரியைப் பார்த்து, "செங்கல் எங்கய்யா? டாங்கி எங்க?" என்று ஆரம்பித்தாள். ஆனால் அவள் பேச்சை முடிப்பதற்குள் வாசலில் ஆறு சைக்கிள் வந்து நின்றது. அதற்குப் பிறகு பத்து நாள் அவளுக்கு எதையும் கேட்க நேரம் இருக்கவில்லை.

அந்தப் பத்து நாளும் சந்தில் திருவிழாதான். காலை எட்டு மணிக்கே வரிசை. பன்னிரண்டு கேசட்டும் வெளியே இருக்க, திரும்பி வருவதை அங்கேயே பிடுங்கிக்கொண்டு போகக் காத்திருக்கிற கூட்டம் ஒரு பக்கம். பத்ரிநாராயணன் பால்கனியிலிருந்து வரிசையை எண்ணினார். "பேஷ், பேஷ்!" என்றார். ஒருநாள் வழி விடச் சொல்லித் தானே வரிசையை ஒழுங்குபடுத்தினார். உண்மையைச் சொல்ல வேண்டும், வடிவுக்கும் தலைகால் புரியவில்லை. முருகையனுக்கு அந்த வாரம் இரண்டு தடவை வஞ்சிர மீன் குழம்பு கிடைத்தது.

பதினோராம் நாள் வரிசை பாதியானது. மூன்றாவது வாரம் காணாமலே போனது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எட்டு ஆளையும் எல்லோரும் அடித்து முடித்துவிட்டார்கள். லஸ்ஸில் இன்னும் மூன்று கடைகள் அதையே வாங்கி வைத்துவிட்டன. விலை இறங்க இறங்கத் தெருவுக்கு ஒரு அப்பா சொந்தமாகவே வாங்கிக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு எட்டாள் சண்டையும் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்து ஈ ஓட்டின.

அதைவிட வடிவை உறுத்தியது வேறு. பக்கத்துத் தெரு பாட்டு டீச்சர் கோமளம் மாமி வந்து, "செங்கல் இருக்கோன்னோ?" என்று கேட்டாள். ஒரு பெண் போய் அடுத்த பெண் வருவதற்குள் அரைமணி செங்கல் அடுக்காவிட்டால் மாமிக்குத் தலைவலி வந்துவிடும். இல்லை என்றதும் முகம் வாடிப் போய்விட்டாள். தையல்கார ஹாஜிரா பீ டாங்கி கேட்டு வந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அடித்துக்கொள்ளாமல் ஆடுகிற ஒரே ஆட்டம் அது. இரண்டு பேரும் ஒரே கட்சி. ஊரூர் குப்பத்து ஆட்டோக்காரன் வடிவேலு பைக் பந்தயம் கேட்டு வந்தான். பகலெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய் இன்னும் கொஞ்சம் ஓட்டுவான், அது அவன் இஷ்டம். எல்லோரும் இரண்டு தடவை, மூன்று தடவை வந்து கேட்டுவிட்டு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் வடிவு பிஸ்கட் டின்னைத் திறந்து சீட்டுகளைத் தரையில் பரப்பினாள். செங்கலின் சீட்டு ஒன்பது அடுக்கு. டாங்கி ஏழு. ஏணி ஆறு. மழையில்லை, வெயிலில்லை, பரீட்சையில்லை, தீபாவளியில்லை. வாரம் தவறாமல் தேதிகள் ஓடின. இரண்டு வருஷ வாடகையைக் கட்டியது இந்தச் சீட்டுகள்தான் என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இந்த ஆட்களில் ஒருத்தர்கூட வாசலில் நின்று கூச்சல் போட்டதில்லை. வருவார்கள், கொடுப்பார்கள், எடுப்பார்கள், போவார்கள்.

முருகையன் சாப்பிட வந்தபோது சீட்டுகள் இன்னும் தரையில்தான் கிடந்தன.

"யோவ், இப்டி குந்து. அந்தப் பதினெட்டை எப்டிப் பொறுக்கி எடுத்த?"

"கலீஜா இருந்ததைக் கொடுத்தேன். பின்ன நல்லா இருக்கறதையா கொடுப்பாங்க?"

"அது ஏன் கலீஜா கீதுன்னு ஒரு நிமிசம் யோசிச்சியா? தினிக்கும் நாலு கை படுது, அதான் அழுக்காச்சு. நீ நல்லா கீதுன்னு வச்சிக்கினு இருக்கியே, அதை எவனும் தொட்றதே இல்ல. அதான் மினுக்குது!"

முருகையன் அலமாரியைப் பார்த்தான், சீட்டுகளைப் பார்த்தான், மறுபடியும் அலமாரியைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து யோசனை எதுவும் வரவில்லை. அவனை அப்படிப் பார்க்க வடிவுக்கே பாவமாகிவிட்டது. "கூட்டத்தைப் பாத்து நானுந்தான் இளிச்சிக்கினு நின்னேன்," என்றாள்.

அந்த வாரக் கடைசியில் பத்ரிநாராயணன் எஸ்.டி.டி. ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் வடிவைக் கேட்காமலே டேப்பை நீட்டி அறையை அளந்தான். கண்ணாடிக் கூண்டு இங்கே வரும், மீட்டர் அங்கே வரும் என்று அவள் அலமாரியைக் காட்டிக் கை நீட்டிப் பேசினான். பத்ரிநாராயணன் அவள் முகத்தைப் பார்க்காமல் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே புருஷனும் பெண்டாட்டியும் பாண்டி பஜாருக்குப் பஸ் ஏறினார்கள். போகிற வழியெல்லாம் வடிவு ஒரே பாட்டாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "நீ வாயத் தொறக்காத. நமக்கு அவசரம்னு அவனுக்குத் தெரியக் கூடாது."

ஜவஹரின் கடையில் மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. எட்டிப் பார்த்தால் அவளுடைய பதினெட்டும் அதில்தான் கிடந்தன. ஜவஹரிடம் வருகிறவர்கள் விலை கொடுத்து வாங்குகிறவர்கள். மழுங்கின மூலையைக் கண்டால் தொட மாட்டார்கள். அவள் பெட்டியைப் பார்க்காத மாதிரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"எட்டாள் சண்டைல ரெண்ட வச்சிக்கினு மீதி பத்து இருக்கு. திருப்பி எடுத்துக்கிறியாப்பா?"

"ஐயோ, அக்கா! ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா தலைல வச்சிக்கினு ஆடியிருப்பேன். இப்ப அதோட ரெண்டாம் பாகம் வரப்போவுது. இதை எவன் வாங்குவான்?"

"சரி வுடு. ஆமா, அந்தப் பொட்டில இன்னா?"

"பழசு. உங்க வீட்டுக்காரர் கொடுத்ததுதான். ஓணுமா?"

"ஐயய்யோ, வடிவு! எல்லாம் அப்டியே கீது!" என்று முருகையன் பெட்டிக்குள் கையை விட்டுவிட்டான்.

அவ்வளவுதான். ஜவஹரின் முகம் மாறிவிட்டது. வியாபாரிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பழசிலே நல்ல பழசு, அதன் மதிப்பே தனி என்று ஆரம்பித்து, பதினெட்டுக்கும் சேர்த்து அவன் சொன்ன தொகைக்கு வடிவின் தோட்டைத்தான் விற்க வேண்டும். அவள் புருஷனைப் பார்த்த பார்வையில் அங்கே இருந்த டி.வி. ஒன்று கெட்டுப்போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

கண்ணை அந்தப் பக்கம் திருப்பியதில்தான் மூலையில் இருந்த சாக்குமூட்டை அவளுக்குத் தென்பட்டது. வாய் கட்டாத மூட்டை. உள்ளே ஒயர் ஒயராகத் தொங்கிக்கொண்டு ஜாய்ஸ்டிக்குகள்.

"அது இன்னா, வேலை செய்யலையா?"

"ரிட்டன் வந்தது, அக்கா. முப்பத்தி நாலு. பார்ட்டிங்க மூஞ்சில விட்டெறிஞ்சிட்டுப் போயிட்டாங்க. ரிப்பேருக்கு ஆள் கேட்டா பாதி விலை கேக்கறான்."

"இவரு பண்ணித் தருவாரு. முப்பத்தி நாலும். ஒரு பைசா வேணாம், அந்தப் பொட்டிய மட்டும் குடு," என்றாள் வடிவு. முருகையனைக் கேட்கவே இல்லை. அவனும் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஜவஹர் சரியென்றான். பெட்டியை எடுப்பதற்கு முன்னால் அவன் கழித்துக்கட்டிய குவியலில் கைவிட்டு, இருப்பதிலேயே அழுக்கான இரண்டு கேசட்டைப் பொறுக்கினாள். என்ன ஆட்டம் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை கை பட்டிருக்கிறது, அது போதும் என்று கொசுறாக வாங்கிக்கொண்டாள். இன்னொரு ஒப்பந்தமும் பேசிவிட்டாள். இனிமேல் புதுசு எது வந்தாலும் இரண்டே இரண்டுதான் எடுப்பாள். பத்தாம் நாள், சூடு ஆறுவதற்கு முன்னாலேயே, திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்குப் பதில் இப்படிப்பட்ட அழுக்குகளை அள்ளிக்கொண்டு போவாள். ஜவஹருக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டதால் உடனே ஒத்துக்கொண்டான்.

பத்து நாள் முருகையன் வீட்டுக் கூடத்தில் ஜாய்ஸ்டிக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து ஈயம் வைத்தான். வடிவு கோமளம் மாமி வீடு, ஹாஜிரா பீ வீடு, ஆட்டோ ஸ்டாண்டு என்று நடையாக நடந்து, வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தாள். உரித்த சீட்டுகளை மைதா பசை காய்ச்சி மறுபடியும் ஒட்டினாள்.

ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. பையன்கள் கூண்டோடு மறைந்தார்கள். முதல் வாரச் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, பத்ரிநாராயணன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். வாசலில் ஒரு பிள்ளை இல்லை.

கவுண்டருக்கு முன்னால் ஒரு நாற்காலி போடத்தான் இடம். அதில் ஆள் உட்கார்ந்தால் இன்னொருத்தர் உள்ளே வர முடியாது. அவர் அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வடிவு, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்கப்படாது. நீயே பார்க்கறே. ஒரு கூட்டமே..."

"வடிவு, டாங்கிய எடுத்துக்கோ," என்று வாசலில் ஹாஜிரா பீயின் குரல்.

பத்ரிநாராயணன் எழுந்து வெளியே போய் நின்றார். ஹாஜிரா பீ உள்ளே வந்து ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். அவர் மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"என்ன சொல்லிண்டிருந்தேன்? ஆங். அந்த எஸ்.டி.டி. காரன் நேத்திக்கு அட்வான்ஸோட..."

ஆட்டோ வந்து நின்றது. அவர் எழுந்தார். வடிவேலு போனதும் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் மனசு கேக்கலை. ஆனா..." என்றார். ஒரு பாங்கு பியூன் டிபன் கேரியரோடு வந்தார். அதற்கப்புறம் ஓர் அம்மா, இடுப்பில் குழந்தையோடு. வடிவு அவசர அவசரமாகச் சீட்டில் தேதி எழுதினாள். ஒவ்வொருவர் வரும்போதும், ஐயோ, இவருக்குக் கோபம் ஏறுகிறதே, கொஞ்சம் பொறுத்து வரக்கூடாதா என்றுதான் அவளுக்குப் பதறியது. வியாபாரம் நடக்கிறதே என்று சந்தோஷப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தாவதாகக் கோமளம் மாமி. கேசட்டைக் கொடுத்துவிட்டுச் சட்டென்று கிளம்புகிற ரகம் இல்லை மாமி. வெயிலில் நிற்கிற பத்ரிநாராயணனைப் பார்த்து, "நூத்திப் பன்னெண்டு வரி அடுக்கியிருக்கேன், சார்!" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ரொம்ப சந்தோஷம்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாமி நாலு ஆட்டம் விசாரித்து, ஐந்தாவதை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகும் அவர் உள்ளே வரவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வாசல்படியிலேயே நின்றார்.

"உள்ள வந்து குந்துங்க, சார்," என்றாள் வடிவு.

"போறும்டியம்மா! உட்கார்றதும் எழுந்துக்கறதுமா முட்டி விட்டுப்போச்சு. கூட்டம்னு பார்த்தா ஒருத்தரும் இல்லை. ஆனா ஒரு மனுஷனை ரெண்டு வார்த்தை பேசி முடிக்க விட மாட்டேங்கறா. நான் என்னத்தைச் சொல்றது? அவன்கிட்ட ரூம் காலி இல்லைன்னு சொல்லிடறேன். மூணு வருஷத்துக்கு அக்ரிமென்ட் எழுதிக்கலாம், முருகையனை வரச் சொல்லு."

முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படி ஏறிப் போனார். வடிவு கவுண்டரைச் சுற்றி வந்து, அவர் விட்டுப் போன நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு, மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து ஒரு மூச்சு அழலாம் என்று ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஏணி இருக்குதா?" என்று வாசலில் ஒரு நர்ஸம்மா. வடிவு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து அவளுக்கு வழி விட்டாள்.